புதுப்பிப்பு: கேரவனோடு பிரான்ஸ் போய் வந்தாச்சு

பள்ளி விடுமுறைக்கு இங்கிலாந்திலிருந்து கேரவனை (காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டி) இழுத்துக்கொண்டு பிரான்ஸ் போக என்னென்ன வேண்டும் என்று இங்கே கேட்டிருந்தேன். போய் வந்தாச்சு. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

காகித வேலை பயந்த அளவுக்கு இல்லை. 3,500 கிலோவுக்கு மேல் போனால்தான் கேரவனுக்குத் தனிப் பதிவு, எங்களுடையது அதில் பாதிகூட வராது. 2021 செப்டம்பரிலிருந்து எந்த நாட்டு வண்டி என்று காட்டும் பழைய ஜிபி (GB) ஸ்டிக்கர் செல்லாது என்பதால் காரிலும் கேரவனிலும் யூகே (UK) ஸ்டிக்கர் ஒட்டினோம், அவ்வளவுதான். மட்டன் குழம்பு கொண்டுபோகலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார்: கூடாது, பிரிட்டனிலிருந்து இறைச்சி, பால் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். மாமியார் சமைத்தது வீட்டு ஃப்ரீசரிலேயே தங்கிவிட்டது, அந்த வருத்தம் அவருக்கு இன்னும் தீரவில்லை.

பெரிய தலைவலி கரண்ட்தான். அங்கே கேரவனை நிறுத்தித் தங்கிய கேம்ப்சைட்டில் 6 ஆம்பியர் இணைப்பு, அதாவது 1,400 வாட்கூட வராது, வீட்டு கெட்டிலோ 2,000-க்கு மேல் இழுக்கும், தண்ணீர் முனகத் தொடங்குவதற்குள் டப்பென்று பிரேக்கர் விழுந்து விளக்கும் சேர்ந்து அணைய, மகள் உள்ளேயிருந்து "அப்பா, மறுபடியுமா?" என்பாள். அப்புறம் கேஸ் அடுப்பில்தான் டீ. பிரிட்டிஷ் சிலிண்டரை அங்கே மாற்றித் தரமாட்டார்கள், அதனால் நிறைத்துக்கொண்டே கிளம்புங்கள்.

வேகம்: காரும் கேரவனும் சேர்ந்த அனுமதி எடை 3.5 டன்னைத் தாண்டினால் பிரான்ஸ் மோட்டார்வேயில் மணிக்கு 90 கிலோமீட்டர்தான்.