கணைய அழற்சியில் விதைப்பை வீங்குமா? உதவி தேவை

குலசேகரத்திலிருந்து கேட்கிறேன். அண்ணனுக்கு 43 வயது, ரப்பர் பால் வெட்டுகிறவர். பித்தப்பைக் கல்லால் கணைய அழற்சி வந்து நாகர்கோவிலில் சேர்த்திருக்கிறோம். வயிற்று வலி குறைந்து கஞ்சி குடிக்கத் தொடங்கிவிட்டார். ஒன்பதாம் நாள் லுங்கியை இறுக்கிக் கட்ட எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இடது விதைப்பை வீங்கி, தோல் பளபளவென்று சிவந்திருக்கிறது. கூச்சத்தில் இரண்டு நாள் மறைத்திருக்கிறார். காய்ச்சல் இல்லை. மாமா ஓதம் (விதைப்பையில் நீர் கோத்தல்) என்கிறார், அடுத்த கட்டில்காரர் குடலிறக்கம் என்கிறார். கணையத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில் (தக்கலை, அறுவை மருத்துவர்):
உண்டு தம்பி. அபூர்வம், ஆனால் உண்டு. கணையம் வயிற்றின் பின்சுவரை ஒட்டிக் கிடக்கிறது. அதிலிருந்து கசியும் நீர் பெரும்பாலும் இரைப்பைக்குப் பின்னாலோ இடது சிறுநீரகத்துக்கு முன்னாலோ கோத்துக்கொள்ளும். நிறைய இருந்தால் இடம் கிடைத்த பக்கம் போகும். இடுப்புத் தசையை ஒட்டி இறங்கி, கவட்டை வழியாக விதைப்பைக்கு வந்துவிடும். மேலே ஏறினால், உணவுக்குழாய் நுழைகிற துளை வழியாக நெஞ்சுக்குள்ளும் போகும். கல்லீரல், மண்ணீரல், தொடையில்கூடக் கண்டிருக்கிறார்கள்.

ஸ்கேன் வயிற்றோடு நிற்காமல் கவட்டை வரை எடுக்கச் சொல்லுங்கள். ரத்த ஓட்டம் பார்க்கிற டாப்ளர் ஸ்கேனும் வேண்டும், விதை முறுக்கிக்கொண்டாலும் இப்படித்தான் வீங்கும், அதில் தாமதம் கூடாது. இன்றே கேளுங்கள். பிறகும் சந்தேகம் இருந்தால் ஊசியில் கொஞ்சம் நீர் எடுத்து அமைலேஸ் (கணையம் சுரக்கும் செரிமான நொதி) பார்ப்பார்கள். கணைய நீர் என்றால் அளவு மிக அதிகமாக இருக்கும். ஓதம் என்று நினைத்துக் கத்தி வைத்துவிடக் கூடாது.

பதில் (குளச்சல்):
என் அம்மாவுக்குக் கணைய அழற்சியில் மூச்சிரைப்பு வந்தது. சளி என்று நினைத்து ஆவி பிடிக்க வைத்தோம். எக்ஸ்ரேயில் இடது நெஞ்சில் நீர். எங்கே புதிதாக வீங்கினாலும், வலித்தாலும் வார்டில் சொல்லிவிடுங்கள். கூச்சம் பார்க்க வேண்டாம்.

கேட்டவர்:
நன்றி டாக்டர், நன்றி அக்கா. டாப்ளரில் ரத்த ஓட்டம் சரி. சிடியில் சிறுநீரகத்துக்கு முன்னாலிருந்து கவட்டை வரை நீர் கோடு போலத் தெரிகிறது. அடியில் துணியைச் சுருட்டி வைத்து விதைப்பையைத் தாங்கியிருக்கிறோம். நீரை எடுத்துவிட வேண்டாமா? பித்தப்பையை எப்போது எடுப்பார்கள்?

பதில் (தக்கலை):
கிருமி தொற்றாவிட்டால் பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும். முதல் 4 வாரங்களில் அதைச் சுற்றிச் சுவர் உருவாகியிருக்காது, அதனால் அவசரப்பட்டுக் குத்துவதில்லை. குளிர் காய்ச்சல் வந்தாலோ தோல் கறுத்தாலோ உடனே சொல்லுங்கள். பித்தப்பையை நீர் வற்றிய பிறகு எடுப்பார்கள், பொதுவாக 6 வாரம் பார்ப்போம். அதுவரை எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம்.