ஆறாவது பிரசவம், டாக்டர் பயமுறுத்துகிறாரா?

கேள்வி: எனக்கு இது ஆறாவது, 32 வாரம். முதல் ஐந்தும் சுகப்பிரசவம், அதனால் வீட்டில் எல்லோரும் "உனக்குத் தெரியாததா" என்கிறார்கள், ஆனால் ரத்தம் ஏற்றும் வசதி உள்ள மருத்துவமனையில்தான் பிரசவம் என்று டாக்டர் பிடிவாதமாக இருக்கிறார். ஹீமோகுளோபின் 9.6. பயப்பட வேண்டுமா?

பதில்: டாக்டர் சொல்வதுதான் சரி அக்கா. பல பிரசவம் கண்ட கர்ப்பப்பை, குழந்தை வெளியே வந்ததும் இறுகாமல் தளர்ந்தே இருந்துவிடலாம், ரத்தப்போக்கு நிற்காமல் போவது பெரும்பாலும் அதனால்தான். கர்ப்பத்தில் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே என்றாலே ரத்தசோகை, ரத்தம் போனால் தாங்க உங்களுக்குக் கையிருப்பே குறைவு. இரும்பு மாத்திரையை டீ, காபியோடு போடாதீர்கள்.

பதில்: எனக்கு ஐந்தாவதில் வலி எடுத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, காரிலேயே பிறந்துவிட்டாள்! பையை இப்போதே கட்டி வாசலருகே வையுங்கள். அப்புறம், பால் கொடுக்கும்போது அடிவயிற்றை இழுத்துப் பிடிக்கும் வலி பிள்ளைக்குப் பிள்ளை கூடும், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

பதில்: 36 வாரத்தில் குழந்தையின் தலை கீழே திரும்பிவிட்டதா என்று கேளுங்கள், வயிற்றுத் தசை தளர்ந்திருந்தால் குழந்தை கடைசிவரை புரளும். அசைவு குறைந்தால் அன்றே போங்கள். பிறந்தபின், சளி பிடித்த பெரிய பிள்ளைகளைக் குழந்தை முகத்தருகே விடாதீர்கள்.

கேட்டவர்: சரி, பெரிய மருத்துவமனைக்கே போகிறேன். மாத்திரையைக் காபியோடுதான் விழுங்கிக்கொண்டிருந்தேன்!