கல்யாண நோட்டில் எழுதாமல் விட்ட செலவுகள்: உங்களுக்கு எங்கே இடித்தது?

வைகைக்கரை (மதுரை)

போன தை மாதம் தங்கை கல்யாணம் முடிந்தது. நகையைச் சேர்க்காமல் 9.5 லட்சம் என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்திருந்தேன். மறுவீடு எல்லாம் முடிந்து உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால் 11.75 லட்சம். வேடிக்கை என்னவென்றால் மண்டபம், சாப்பாடு, பட்டு, போட்டோ, மேளம் எல்லாமே பேசிய தொகைக்குத்தான் முடிந்தன. அப்படியானால் மீதி 2.25 லட்சம் எங்கே போயிற்று என்று அப்பா கேட்கிறார். இன்னும் என்னைக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்.

மண்டபத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை 1,20,000. அட்வான்ஸ் ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் என்னவோ அச்சடித்திருந்தது, நான் படிக்கவில்லை. மறுநாள் மதியம் காலி செய்யும்போது பில் வந்தது. கரண்ட் 1,140 யூனிட், யூனிட்டுக்கு 22 ரூபாய் வீதம் 25,080. ஜெனரேட்டர் 3 மணி நேரம், 5,400. சுத்தம் செய்ய 7,000. சமையல்கட்டில் மண்டபத்துச் சிலிண்டரைத்தான் பயன்படுத்த வேண்டுமாம், 8 சிலிண்டருக்கு 16,800. வாடகைக்கு 18% ஜிஎஸ்டி 21,600. ஆக மொத்தம் 75,880.

ஏமாற்றினார்கள் என்று சொல்ல முடியாது, எல்லாம் அந்தப் பின்பக்கத்தில் இருந்ததுதான். ஆனால் முதல் நாள் மீட்டர் குறித்தபோது எங்கள் ஆள் ஒருவர்கூடப் பக்கத்தில் இல்லை. பில்லை நீட்டிய நேரத்தில் தங்கை அழுதுகொண்டே காரில் ஏறிக்கொண்டிருந்தாள். யூனிட் கணக்கை யார் போய்க் கேட்பது?

இன்னொன்று சில்லறை. 10,000 ரூபாயை நூறும் ஐம்பதுமாக மாற்றி ஒரு மஞ்சள் பையில் போட்டுச் சித்தப்பாவிடம் கொடுத்திருந்தோம். முகூர்த்தம் ஒன்பது மணிக்கு. பை ஏழரைக்கே காலி. கோலம் போட்ட அம்மா, ஆரத்தித் தட்டு, தண்ணீர் லாரி, வாட்ச்மேன், கார் ஜோடித்த பையன், மாப்பிள்ளை அழைப்புக்கு மேளக்காரர்களுக்குத் தனியாக, அப்புறம் பந்தி பரிமாறிய பையன்கள். இவர்கள் யாரும் அதிகமாகக் கேட்கவில்லை. எல்லோரும் கேட்டார்கள், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் எது இடித்தது என்று எழுதுங்கள். பெரிய செலவுகள் எல்லோருக்கும் தெரியும். நோட்டில் வராமல் போனதை மட்டும் சொல்லுங்கள்.

பந்திக்குமுந்தி (கும்பகோணம்)

இலைக் கணக்கு சார், வேறென்ன?

அக்கா மகள் கல்யாணத்துக்கு இலை 220 ரூபாய், குறைந்தது 500 இலை என்று பேச்சு. மொய் எழுதிய இடத்தையும் பந்தி வரிசையையும் வைத்துப் பார்த்தால் எங்கள் கணக்கில் சாப்பிட்டவர்கள் 490 பேர். பில்லில் 561 என்று இருந்தது. அத்தான் சண்டைக்கே போய்விட்டார். சமையல் மாஸ்டர் பதறாமல் ஒரு சீட்டை எடுத்துக் காட்டினார்: போட்டோ, வீடியோ ஆட்கள் 9, மேளம் 6, மேடை அலங்காரம் 12, வேன் டிரைவர்கள் 5, மண்டபத்து ஆட்கள் 8. அதுவே 40 இலை ஆகிவிட்டது. மீதி 31 குழந்தைகளும் பார்சலும். நாலு வயசுப் பிள்ளைக்குத் தனி இலை போட்டு, அது ஒரு அப்பளத்தைத் தின்றுவிட்டு எழுந்து ஓடினாலும் அது ஒரு இலைதான். 61 இலைக்கு 13,420 ரூபாய் கொடுத்தோம்.

இரண்டாவது பெண்ணுக்கு நாங்கள் விவரமாகிவிட்டோம். ஒவ்வொரு பந்திக்கும் இலை போட்ட பிறகு, ஆள் உட்காரும் முன், எங்கள் மாமா ஒருவரும் மாஸ்டரின் ஆள் ஒருவரும் சேர்ந்து எண்ணி ஒரே சீட்டில் கையெழுத்துப் போட்டார்கள். வேலை செய்பவர்களுக்குச் சாப்பாடு என்று தனி விலை பேசிவிட்டோம். அதே சாப்பாடுதான், இனிப்பும் ஐஸ்கிரீமும் மட்டும் கிடையாது. (பிறகு பாவமாக இருக்கிறது என்று அக்கா அதையும் கொடுத்துவிட்டாள். அது வேறு கதை.)

சாமான் நாமே வாங்கிக் கொடுத்து மாஸ்டருக்குச் சமையல் கூலி மட்டும் என்றால், அவர் எழுதும் லிஸ்ட் எப்போதும் ஒரு சுற்றுப் பெரிதாகத்தான் இருக்கும். குறைந்து போனால் பேர் கெடுவது அவருக்குத்தானே. பிரிக்காத மூட்டையையும் எண்ணெய் டின்னையும் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று மளிகைக்கடையில் முதலிலேயே கேட்டு வையுங்கள். நாங்கள் கேட்கவில்லை. ஆறு மாதம் வீட்டில் கல்யாணப் பருப்புதான்.

தோவாளைக்காரன்

பூ. அலங்காரத்துக்குப் பேசிய சீட்டில் "பூ அன்றைய விலை" என்று ஒரு வரி இருந்தால் உஷார். பனிக்காலத்தில் மல்லிகை வரத்துக் குறைந்துபோகும். முகூர்த்தம் எல்லாம் தை மாதத்தில் வந்து குவியும். கிலோ 800 என்று நினைத்து வைத்திருந்தோம், முதல் நாள் இரவு 2,600 என்றார்கள். பெண்கள் தலைக்கு மட்டும் மல்லிகை வாங்கிக்கொண்டு மேடைக்குச் சம்பங்கியும் செவ்வந்தியும் போடச் சொல்லித் தப்பித்தோம். போட்டோவில் நன்றாகத்தான் இருக்கிறது.

சேதாரம் (சென்னை)

நகையைச் சேர்க்காமல் கணக்குப் போட்டீர்களே, கொடுத்து வைத்தவர்.

மகளுக்கு 2025 ஜனவரியில் நிச்சயம் செய்தோம். அப்போது பவுன் 60,000 ரூபாயை ஒட்டி இருந்தது. இறங்கும், இறங்கும் என்று காத்திருந்தோம். கல்யாணம் ஐப்பசியில். அக்டோபரில் பவுன் 90,000-ஐத் தாண்டிவிட்டது. 15 பவுன் போடுவதாகச் சொல்லியிருந்தோம். சொன்ன சொல் மாறாது, விலைதான் மாறும்.

ஆனால் நான் எழுத வந்தது அதைப் பற்றி இல்லை. 5 பவுனில் ஓர் ஆரம். தங்கத்தின் விலை 4,50,000. சேதாரம் 18% என்று 81,000. இரண்டையும் கூட்டி அதன்மேல் 3% ஜிஎஸ்டி 15,930. தங்கத்தின் விலைக்கு மேலே மட்டும் 96,930 ரூபாய், அதாவது ஒரு பவுனுக்கு மேல். சேதாரத்தைச் சதவீதமாகப் போடுவதால் தங்கம் ஏற ஏற அதுவும் ஏறுகிறது. ஆசாரி செய்த வேலை என்னவோ அதேதான். 15 பவுன் என்று நோட்டில் எழுதும்போது பக்கத்திலேயே இன்னும் 3 பவுன் என்று எழுதிக்கொள்ளுங்கள், பிறகு நெஞ்சு வலிக்காது. கல் வைத்த நகை என்றால் கல்லின் எடையைக் கழித்துத்தான் தங்க விலை போட்டிருக்கிறார்களா என்று பில்லில் பாருங்கள்.

ரெண்டாவது நாத்தனார் (திருச்சி)

யாரும் சொல்லத் தயங்குகிறதை நான் சொல்கிறேன். நாத்தனார் முடிச்சு.

மூன்றாவது முடிச்சுப் போடுகிற நாத்தனாருக்குப் பட்டுப்புடவை வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் தம்பி கல்யாணத்தில் நாங்கள் அக்காள் தங்கை மூன்று பேர். பெண் வீட்டில் முடிச்சுப் போடுகிறவருக்கு ஒன்று என்று நினைத்து ஒரே புடவைதான் வாங்கியிருந்தார்கள். என் அக்கா வாயால் எதுவும் சொல்லவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், அது போதாதா? முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்குப் பெண்ணின் சித்தி கடைக்கு ஓடி இன்னும் இரண்டு புடவை எடுத்து வந்தார். அவசரத்தில் எடுத்ததால் முதல் புடவையைவிட விலை கூடிப்போய், முடிச்சுப் போட இருந்தவள் முகம் வாடியது. நான் அன்று வாங்கிக்கொண்ட பக்கம். இப்போது நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பெண் வீட்டுக்காரர்களே, சம்பந்தி வீட்டில் யாரிடமாவது, முடிந்தால் வயசான அத்தையிடம், "உங்கள் பக்கம் யார் யாருக்கு என்ன செய்வது வழக்கம்?" என்று நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மச்சினன் மோதிரம், மாமன் சீர், தாத்தா பாட்டிக்கு வேட்டி சேலை எல்லாம் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும்.

மாப்பிள்ளைத்தோழன்

இதைப் படித்தபின் ஓடிப்போய்க் கோயிலில் தாலி கட்டலாம் போலிருக்கிறது.

வைகைக்கரை (மதுரை)

தோழரே, கோயிலில் கட்டினாலும் ஓட்டலில் சாப்பாடு உண்டு. அங்கேயும் இலைக் கணக்குதான்.

போடிமெட்டு (தேனி)

2024 பங்குனிக் கடைசியில் தம்பிக்குக் கல்யாணம். பத்திரிகை அடித்த பிறகு மார்ச் 16-ஆம் தேதி தேர்தல் அறிவித்து நடத்தை விதி வந்துவிட்டது. சமையலுக்கும் மண்டபத்துக்கும் பாக்கி கொடுக்க 1,80,000 ரூபாயைப் பையில் வைத்துக்கொண்டு போனபோது பறக்கும் படை நிறுத்தியது. 50,000-க்கு மேல் என்றால் ஆவணம் வேண்டும். கையில் பத்திரிகை இருந்தது. பேங்கில் எடுத்த சீட்டு வீட்டில் இருந்தது. பணம் கருவூலத்துக்குப் போய்விட்டது.

காகிதங்களைக் காட்டித் திரும்ப வாங்கிவிட்டோம், ஆனால் அதற்குள் கல்யாணமே முடிந்திருந்தது. நடுவில் வட்டிக்கு வாங்கியதுதான் நோட்டில் எழுதாத செலவு. அவர்கள்மேல் தப்புச் சொல்ல மாட்டேன். யூபிஐ-யில் போடலாமே என்பீர்கள். ஒரு நாளைக்கு 1 லட்சம்தான் போகும், சமையல்காரரோ ரொக்கம்தான் வேண்டும் என்பார். தேர்தல் நேரத்தில் கல்யாணம் வைத்தால் பத்திரிகை, பேங்க் சீட்டு, மண்டப ரசீது மூன்றும் பணப் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

ரிசப்ஷன்ராஜா (சென்னை)

ஒரு ஓட்டலில் ரிசப்ஷன் வைத்தோம். பத்து நாள் இருக்கும்போது, பாட்டுப் போட இசை லைசென்ஸ் வாங்கி வாருங்கள், இல்லையென்றால் டிஜே கிடையாது என்று சொன்னார்கள். பத்திரிகை எல்லாம் கொடுத்தாயிற்று, வேறு என்ன செய்ய? சில பத்தாயிரங்களைக் கட்டினோம். வக்கீலாக இருக்கும் அத்தை மகன் அப்புறம்தான் சொன்னான். 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் மதச் சடங்குகளில் பாட்டுப் போடுவதற்கு விலக்கு உண்டாம். கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டமும் அதில் சேரும் என்று அங்கேயே விளக்கம் இருக்கிறதாம். 2023 ஜூலையில் ஒன்றிய அரசும் இதையே அறிவிப்பாகச் சொல்லியிருக்கிறது. யாராவது கேட்டால் அந்தப் பிரிவைக் காட்டி எழுத்தில் பதில் கேளுங்கள். நான் கேட்டிருக்க வேண்டும்.

முப்பதுஷீட் (கோவை)

ஆல்பம். பேக்கேஜில் 40 ஷீட். அவர்கள் 2,000 படத்தை பென்டிரைவில் போட்டு, பிடித்ததைத் தேர்ந்தெடுங்கள் என்கிறார்கள். மாமியார், அம்மா, பாட்டி மூவரும் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தால் 40-ல் அடங்குமா? 70 ஆயிற்று. கூடுதல் ஷீட் 450 ரூபாய். இரண்டு வீட்டுக்கும் இரண்டு ஆல்பம் என்றால் 27,000. என் பெயர்க் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

மொய்நோட்டு (உசிலம்பட்டி)

எல்லோரும் செலவையே பேசுகிறீர்கள், மொய் வரவைக் கழிக்க வேண்டாமா? எங்கள் ஊரில் பாதிச் செலவு மொய்யில் வந்துவிடும்.

பந்திக்குமுந்தி (கும்பகோணம்)

அண்ணே, அது வரவு இல்லை, கடன். உங்கள் நோட்டில் 1,001 என்று எழுதியவர் வீட்டு விசேஷத்துக்கு நீங்கள் 1,500 வைக்காமல் வர முடியுமா? அதுவும் போக, வருகிற மொய் முகூர்த்தத்துக்கு அப்புறம்தானே எண்ணப்படுகிறது. பில்கள் அதற்கு முன்னாலேயே வந்துவிடும்.

மொய்நோட்டு (உசிலம்பட்டி)

வட்டியில்லாக் கடன் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். லேப்டாப்பில் மொய் எழுத வந்தவர்களுக்கு 7,000 கொடுத்ததையும் மறக்காமல் எழுதிக்கொள்கிறேன்.

ஆவணிப்பெண்

அக்கா, அண்ணன்மார்களே, எனக்கு வருகிற ஆவணியில் கல்யாணம். இதை அப்பாவிடம் காட்டலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. நாளைக்கு மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறோம். முதலில் எதைக் கேட்பது?

வைகைக்கரை (மதுரை)

வாழ்த்துகள் தங்கச்சி. பத்து பேருக்கு நடுவில் கேட்காமல், மேனேஜர் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் கேளுங்கள். கரண்ட் யூனிட் விலை, ஜெனரேட்டர், சுத்தம், சிலிண்டர் யாருடையது, ஜிஎஸ்டி வாடகையில் சேர்ந்ததா தனியா, எத்தனை மணிக்கு உள்ளே வரலாம், எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும். பதில்களை ரசீதிலேயே எழுதச் சொல்லி வாங்குங்கள். மீட்டரைப் போனில் படம் எடுக்க ஒரு தம்பியை இப்போதே நியமித்துவிடுங்கள்.

ரெண்டாவது நாத்தனார் (திருச்சி)

கல்யாணத்தைப் பதிவு செய்வதைத் தள்ளிப் போடாதேம்மா. 90 நாளுக்குள் செய்ய வேண்டும். நடுவில் ஆள் வைத்தால் ஆயிரக்கணக்கில் கேட்பார்கள், நீங்களே நேரில் போய்விடுங்கள்.

அப்புறம் அப்பாவிடம் காட்டுவதானால் இதையும் சேர்த்துக் காட்டு: ஆவணியில் கல்யாணம் என்றால் ஐப்பசியில் தலை தீபாவளி. நடுவில் தாலி பெருக்கிப் போட நல்ல நாள் பார்ப்பார்கள், அதற்குக் காசும் குண்டும் வாங்க வேண்டும். தையில் பொங்கல் சீர். நோட்டை மூடிவிட வேண்டாம் என்று சொல்.