ஆர்எக்ஸ் 100-இல் 28 மி.மீ. கார்புரேட்டர் போட்டபின் இழுவை போச்சு, எந்த சைஸ் சரி?

கேள்வி, கோவையிலிருந்து:
வணக்கம். அப்பா வாங்கிய 1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100, டூ ஸ்ட்ரோக் பைக். போன மாதம் சிலிண்டரில் போர்ட் வேலை பார்த்து (கலவையும் புகையும் போய்வரும் துவாரங்களைத் திருத்தி), எக்ஸ்பான்ஷன் சேம்பர் சைலன்சர் மாட்டினேன். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) ஸ்டாண்டர்டுதான், 50 மி.மீ. கூடவே பழைய 20 மி.மீ. கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு 28 மி.மீ. ஃப்ளாட் ஸ்லைடு போட்டேன். பைபாஸில் பறக்கிறது. ஆனால் காந்திபுரம் சிக்னலில் பச்சை விழுந்ததும் திருகினால் 'பொவ்' என்று அமுங்கி, இரண்டு நொடி கழித்துத்தான் எழுந்திருக்கிறது. மனைவியை உட்கார வைத்து மருதமலை ஏறினால் முதல் கியரை விட்டு மாற்றவே முடியவில்லை. பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை மூன்று முறை மாற்றியாச்சு. தினமும் வேலைக்குப் போகும் வண்டி இது. ஜெட் கோளாறா, சைஸே தப்பா?

பதில், ஈரோடு பட்டறையிலிருந்து:
சைஸ்தான் தம்பி. 20 மி.மீ. துளையின் பரப்பு 314 சதுர மி.மீ. 28-க்கு 616, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. உறிஞ்சுவது அதே 98 சிசி எஞ்சின். வாசல் இரண்டு மடங்கானால் காற்றின் வேகம் பாதியாகிவிடும். ஜெட்டிலிருந்து பெட்ரோலை மேலே இழுப்பது அந்த வேகம்தான். வேகம் பாதியானால் இழுப்பு கால்வாசி. திருகும்போது ஏறி வாசலைத் திறக்கும் ஸ்லைடைக் கொஞ்சமாகத் திறந்தால் அந்த இடுக்கு வேகத்தைக் காப்பாற்றும். சிக்னலில் சடாரென்று திருகும்போது காற்று மட்டும் உள்ளே போகிறது, பெட்ரோல் பின்தங்கிவிடுகிறது. அதுதான் அந்த 'பொவ்'.

மெயின் ஜெட் முக்கால் திருகலுக்கு மேல்தான் முழுதாக வேலை காட்டும். அதற்குக் கீழே எல்லாம் பைலட் ஜெட்டும் ஸ்லைடும் அதில் தொங்கும் நீடிலும்தான்.

24 போடுங்கள். பரப்பு 452, பழையதைவிட 44 சதவீதம் அதிகம். உங்கள் போர்ட் வேலைக்கும் சேம்பருக்கும் அது போதும். பழைய 20-க்கே திரும்பினால் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது மூச்சுத் திணறும். 28 ரேஸ் வண்டிக்காரனுக்கு, அவன் ஆர்பிஎம்மைக் கீழே விடவே மாட்டான். ரப்பர் மேனிஃபோல்டும் 24-க்கு ஏற்றதாக வாங்குங்கள். பொருந்தாததை மாட்டினால் காற்று கசிந்து கலவை லீனாகும், அதாவது பெட்ரோல் விகிதம் குறையும்.

பதில், மதுரையிலிருந்து:
அண்ணன் சொன்னது சரி. எஞ்சினுக்குள் ஆயில் விடும் பம்பையும் மறந்துவிடாதீர்கள். ஆக்சிலேட்டர் கேபிள் கீழே இரண்டாகப் பிரிந்து, ஒன்று கார்புரேட்டருக்கும் மற்றது பம்புக்கும் போகிறது. கார்புரேட்டர் மாறினால் ஸ்லைடு ஏறும் உயரமும் மாறும். பம்பில் இருக்கும் குறியைப் பார்த்து மறுபடி செட் பண்ண வேண்டும். நான் அதைச் செய்யாமல் விட்டேன், ஆயில் பற்றாமல் பிஸ்டன் இறுகி சீஸ் ஆனது. கழற்றிப் பார்த்தால் எக்ஸாஸ்ட் பக்கம் பிஸ்டன் முழுக்கக் கோடு கோடாகக் கீறல். சிலிண்டர் சுவரில் அலுமினியம் அப்பியிருந்தது. சிலிண்டரைக் கடையும் ரீபோர் தவிர வழியில்லை.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணா. 24 மாட்டி, பம்பையும் செட் பண்ணியாச்சு. பெரிய மெயின் ஜெட்டில் ஆரம்பித்து இரண்டு படி இறக்கினேன். அரைத் திருகலில் விட்டு விட்டு ஓடியது. நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றியதும் நீடில் இறங்கி, பெட்ரோல் குறைந்து சீரானது. புது ப்ளக் போட்டு, ஆள் இல்லாத சாலையில் நான்காவது கியரில் முழுத் திருகலில் ஓட்டி, அப்படியே சாவியை அணைத்து கிளட்ச்சைப் பிடித்து ஓரங்கட்டி, கலவை சரியா என்று ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பீங்கானின் அடியில் வறுத்த வேர்க்கடலைத் தோல் நிறம். பைபாஸில் 28 போட்டபோது இருந்த வேகம் இப்போது இல்லை, அது உண்மை. ஆனால் நேற்று மருதமலையை இருவரும் இரண்டாவது கியரிலேயே ஏறினோம்.

பதில், ஈரோடு பட்டறையிலிருந்து:
நல்ல நிறம் தம்பி. மார்கழிக் குளிரில் காற்றின் அடர்த்தி கூடி, கலவை லீன் பக்கம் சாயும். அப்போது ஒருமுறை ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளுத்திருந்தால் மெயின் ஜெட்டை ஒரு படி ஏற்றிவிடுங்கள்.