ஏதென்ஸ் நகரத்தார் அரசுப் பதவிகளைக் குலுக்கல் முறையில் நிரப்பியது ஏன்?

கேள்வி: கரும்பலகை

அனைவருக்கும் வணக்கம். நான் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். பதினோராம் வகுப்பில் கிரேக்க நகர அரசுகளைப் பற்றிப் பேசும்போது, பழைய ஏதென்ஸில் பெரும்பாலான அரசுப் பதவிகளுக்குத் தேர்தல் கிடையாது, குலுக்கலில்தான் ஆள் எடுத்தார்கள் என்று சொன்னேன். உடனே ஒரு மாணவி எழுந்து, "அப்படியானால் ஒன்றும் தெரியாதவர் கையில் கருவூலச் சாவி போய்விடாதா, ஐயா?" என்று கேட்டாள். பாடநூலில் இருந்த இரண்டு வரிகளை வைத்துக்கொண்டு அவளுக்கு நிறைவான விடை சொல்ல என்னால் இயலவில்லை.

எல்லாப் பதவிகளும் குலுக்கலில்தான் நிரப்பப்பட்டனவா? தகுதியற்றவர் வந்துவிடாமல் தடுக்க என்ன ஏற்பாடு இருந்தது? குலுக்கலிலேயே யாரேனும் கைவேலை காட்டியிருக்க முடியாதா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். நம்மூர்க் குடவோலை முறையை நினைவூட்ட விரும்பும் நண்பர்கள் அதற்கெனத் தனி இழை தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இரண்டுக்கும் ஒப்புமை உண்டே தவிர உறவு கிடையாது.

மறுமொழி 1: தொல்லேடு

ஐயா, உங்கள் மாணவி கேட்ட சாவி உண்மையிலேயே குலுக்கலில்தான் கைமாறியது. ஆனால் ஒருவரிடம் அது ஒரு பகலும் ஓர் இரவும் மட்டுமே இருந்தது.

கிளிஸ்தனிஸ் என்பவர் கி.மு. 508-507இல் குடிமக்களைப் பத்துக் குலங்களாகப் பிரித்து, குலத்துக்கு 50 பேர் வீதம் ஐந்நூற்றுவர் மன்றம் ஒன்றை அமைத்தார். பிற்பாடு இந்த மன்றத்தின் உறுப்பினர்களை ஆண்டுதோறும் குலுக்கலில் எடுத்தார்கள். முப்பது வயது நிறைந்திருக்க வேண்டும். வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் உறுப்பினராக இருக்க முடியாது. ஆண்டைப் பத்துப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் ஒரு குலத்தின் 50 பேர் தலைமைக் குழுவாக அமர்ந்தார்கள். அந்த ஐம்பதின்மரிலிருந்து நாள்தோறும் ஒருவரைக் குலுக்கி எடுப்பார்கள். நகரின் செல்வமும் ஆவணங்களும் வைக்கப்பட்டிருந்த கோயில்களின் சாவிகளும் அரசு முத்திரையும் அன்று அவர் பொறுப்பில் இருக்கும். மறுநாள் இன்னொருவர் வருவார்; முதலாமவர் அந்தப் பொறுப்பை மறுபடி ஏற்க முடியாது. ஆண்டுக்கு 350 பேருக்கு மேல் இப்படி ஒரு நாள் தலைவர்கள் ஆனார்கள். வயது வந்த ஆண் குடிமக்கள் ஏறத்தாழ 30,000 பேரே இருந்த நகரத்தில் இது சிறிய எண்ணிக்கை அன்று.

எல்லாப் பதவிகளுமா என்றால், இல்லை. படைத்தலைவர்கள் பத்துப் பேரையும் குடிமக்கள் கூடும் பேரவையில் கையுயர்த்தியே தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுக்கு மட்டும் மறுதேர்தலுக்கு வரம்பில்லை என்பதால்தான் பெரிக்ளிஸ் பதினைந்து ஆண்டுகள் அடுத்தடுத்துத் தேர்ந்தெடுக்கப்பட முடிந்தது. கி.மு. நான்காம் நூற்றாண்டில் படைநிதிக் காப்பாளரும் நீரூற்றுகளின் கண்காணிப்பாளரும்கூடத் தேர்தலில் வந்தவர்களே. ஏதென்ஸைச் சூழ்ந்த, மழை குறைந்த அட்டிக்கா நாட்டில் குடிநீரைக் குலுக்கலிடம் ஒப்படைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை போலும்! மற்றபடி எடைக்கல்லையும் அளவையையும் சோதிப்பவர், மாவும் ரொட்டியும் தானிய விலைக்கு ஏற்ப விற்கப்படுகின்றனவா என்று பார்ப்பவர், மலம் அள்ளுவோர் அதை மதிலுக்கு அருகே கொட்டாமல் தடுப்பவர் என்று எல்லாரும் குலுக்கலில் வந்தவர்கள். இவர்கள் தனியாளாக அல்லாமல் பெரும்பாலும் பத்துப் பத்துப் பேர் கொண்ட குழுக்களாகவே பணியாற்றினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவருக்குத் தெரியாதது மற்றவருக்குத் தெரிந்திருக்கும்; ஒருவர் திருட நினைத்தால் ஒன்பது பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தகுதியைப் பற்றிக் கேட்டீர்கள். பெயர் வந்துவிட்டால் உடனே பதவியில் அமர்ந்துவிட முடியாது. "உன் தந்தை யார், எந்த ஊர்ப் பிரிவைச் சேர்ந்தவர்? தாய் யார், தாயின் தந்தை யார்? உன் குடும்பக் கல்லறைகள் எங்கே இருக்கின்றன? பெற்றோரை நன்றாகப் பேணுகிறாயா? வரி செலுத்துகிறாயா? படைப்பணி செய்தாயா?" என்று பொதுவில் விசாரிப்பார்கள். அதன்பின் இவரைக் குற்றஞ்சாட்ட விரும்புவோர் உண்டா என்று கேட்டு, வாக்கெடுத்த பிறகே பதவி. கேள்விகளில் ஒன்றுகூடத் திறமையைச் சோதிக்கவில்லை என்பதை நீங்கள் பார்க்கலாம். சோதித்தது நடத்தையை மட்டுமே. பதவிக்காலம் முடிந்ததும் கணக்கு ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும்வரை நாட்டைவிட்டு வெளியேற முடியாது. பொதுப் பணத்தைக் கையாடியதோ கையூட்டு வாங்கியதோ மெய்ப்பிக்கப்பட்டால் பத்து மடங்கு தண்டம்.

மறுமொழி 2: நெய்தல் நிலவன்

கைவேலை பற்றிய கேள்விக்கு நான் விடை சொல்கிறேன், ஏனெனில் இந்த வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்தது அவர்கள் செய்த குலுக்கல் கல்தான்.

அரிஸ்டாட்டிலின் பள்ளியில் எழுதப்பட்டதாகக் கருதப்படும் 'ஏதென்ஸ் அரசமைப்பு' என்ற நூல், எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் சுருள்களிலிருந்து 1891இல் பதிப்பிக்கப்பட்டது. நீதிமன்ற நடுவர்களை எடுத்த முறை அதன் இறுதிப் பகுதியில் விரிவாக வருகிறது. ஆண்டுக்கு 6,000 பேர் நடுவர்களாகப் பதிவு செய்திருப்பார்கள். ஒவ்வொருவரிடமும் தம் பெயரும் தந்தை பெயரும் ஊர்ப் பிரிவும் பொறித்த சிறு தகடு இருக்கும். வழக்கு நாளன்று விடியலில் வந்து தகட்டைப் பெட்டியில் போட வேண்டும். வரிசை வரிசையாகத் துளை வெட்டிய ஒரு நெடுங்கல்லில் அந்தத் தகடுகளைச் செருகுவார்கள். கல்லின் பக்கவாட்டில் பொருத்திய குழாயில் கறுப்பும் வெள்ளையுமான காய்களைக் கலந்து போட்டு, கீழ்வழியே ஒவ்வொன்றாக விடுவிப்பார்கள். வெள்ளை விழுந்தால் முதல் கிடைவரிசையில் உள்ள அனைவரும் அன்றைய நடுவர்கள். கறுப்பு விழுந்தால் அந்த வரிசை முழுவதும் வீட்டுக்குப் போகலாம். பிறகு அடுத்த வரிசைக்கு அடுத்த காய். இத்தகைய கல் ஒன்றின் உடைந்த பகுதி இன்றும் ஏதென்ஸின் அகோரா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் பதினொரு நிரல்களாகத் துளைகள் உள்ளன.

இதோடும் அவர்கள் நிறுத்தவில்லை. தேர்வானவர் எந்த நீதிமன்றத்தில் அமர்வார் என்பதற்கு இன்னொரு குலுக்கல் உண்டு. அதில் வந்த நீதிமன்றத்தின் நிறம் தீட்டிய கோல் ஒன்றைக் கொடுப்பார்கள். வாசலின் மேற்கட்டையிலும் அதே நிறம் பூசப்பட்டிருக்கும் என்பதால் அவர் வேறு மன்றத்துக்குள் நுழைந்துவிட முடியாது. ஆக, ஒரு வழக்கை விசாரிக்கப் போகும் 201 பேரோ 501 பேரோ யார் யார் என்பது அன்று காலைவரை ஒருவருக்கும் தெரியாது. தெரியாதவருக்கு எப்படிக் கையூட்டுக் கொடுப்பது?

இவ்வளவு பாதுகாப்பு வெறும் அச்சத்தால் வந்ததும் அன்று. அனிடஸ் என்ற படைத்தலைவர் பைலோஸ் கோட்டையை இழந்ததற்காக வழக்கைச் சந்தித்தபோது, நடுவர்களை விலைக்கு வாங்கித் தப்பினார் என்றும், அவரே இதைத் தொடங்கிவைத்தவர் என்றும் அதே நூல் சொல்கிறது. பின்னாளில் சாக்ரட்டீஸைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய மூவரில் ஒருவர் இந்த அனிடஸ்தான்.

மறுமொழி 3: கரும்பலகை

இருவருக்கும் நன்றி. நிறக்கோலைப் பற்றி நாளை வகுப்பில் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு துணைக்கேள்வி: ரோமானியர்கள் இதைப் பின்பற்றினார்களா? கிரேக்க அறிஞர்கள் அனைவரும் இதை ஏற்றுக்கொண்டார்களா?

மறுமொழி 4: தொல்லேடு

ரோமைப் பொறுத்தவரை விடை சுருக்கமானது. அங்கே கான்சல் எனப்பட்ட தலைமை ஆட்சியாளர் முதலிய பதவிகள் தேர்தலுக்கு உரியவை. அந்தத் தேர்தலில் 193 வாக்குத் தொகுதிகள் இருந்தன. ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரே வாக்கு. செல்வர்களின் தொகுதிகளில் ஆள் குறைவு, தொகுதிகளோ மிகுதி. சொத்தே இல்லாத ஏழைகள் அனைவருக்கும் சேர்த்து ஒரே தொகுதி. மேலிருந்து வாக்கெடுத்துப் பெரும்பான்மை வந்தவுடன் நிறுத்திவிடுவார்கள் என்பதால், ஏழைகளின் முறை வருவதே அரிது. எந்த மாகாணம் யாருக்கு என்பது போன்ற பங்கீடுகளுக்கு ரோமானியர்களும் குலுக்கலைப் பயன்படுத்தினார்கள், ஆனால் ஆளைத் தெரிவு செய்வதற்கு அன்று. தேர்தல் செல்வர் ஆட்சிக்கு உரியது, குலுக்கல் மக்களாட்சிக்கு உரியது என்று அரிஸ்டாட்டில் எழுதியதன் பொருள் இந்த இரு நகரங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது தெளிவாகிறது.

மறுமொழி 5: ஆற்றுப்படை

குலுக்கலை மிகவும் புகழ்ந்துவிட்டீர்கள் என்பதால் மறுபக்கத்தையும் பதிவு செய்கிறேன். பெண்கள், அடிமைகள், தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்த வெளியூரார் ஆகிய எவருடைய பெயரும் அந்தக் கல்லில் ஏறியதில்லை. கி.மு. 451இல் பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டத்துக்குப் பின் தாய் தந்தை இருவருமே ஏதென்ஸ் குடியினராக இருந்தால்தான் குடியுரிமை. உங்கள் மாணவியிடம் இதை மறைக்க வேண்டாம். அவளுக்கே அங்கே இடமிருந்திருக்காது.

அறிஞர்களில் சாக்ரட்டீஸ் இதை ஏற்கவில்லை. அவரை ஏதென்ஸ் மேல் அதிருப்தி கொண்டவராகக் காட்ட முயன்றவர்கள், "கப்பலோட்டியையோ கொத்தனையோ குழலூதுபவனையோ அவரைக்கொட்டை போட்டு எடுக்க மாட்டீர்கள், ஆட்சியாளனை மட்டும் அப்படி எடுக்கிறீர்களே" என்று இளைஞர்களிடம் அவர் பேசியதாகக் குற்றஞ்சாட்டினார்கள். அதை நமக்குத் தெரிவிப்பவர் அவருடைய மாணவர் செனபன். பதவிக் குலுக்கலுக்கு அவரை விதைகளைப் பயன்படுத்தியதால் வந்த பேச்சு அது.

ஆனால் அந்தச் சாக்ரட்டீஸே ஒருமுறை கொட்டையில் பெயர் வந்து மன்றத்தில் அமர்ந்தவர்தான். கி.மு. 406இல் அர்ஜினூசித் தீவுகளுக்கு அருகே ஏதென்ஸ் கடற்படை வென்றது. ஆனால் புயல் வந்ததால், உடைந்த கப்பல்களில் தவித்தவர்களை மீட்க முடியவில்லை. சினங்கொண்ட பேரவை, படைத்தலைவர்கள் எண்மரையும் தனித்தனியே விசாரிக்காமல் ஒரே வாக்கில் தண்டிக்க முனைந்தது. அன்றைய தலைமைக் குழுவில் இருந்த சாக்ரட்டீஸ், சட்டத்துக்குப் புறம்பான அந்தத் தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விட முடியாது என்று மறுத்தார். கூட்டம் கூச்சலிட்டது, மற்ற உறுப்பினர்கள் அஞ்சிப் பணிந்தார்கள், அவர் பணியவில்லை. இருந்தும் தீர்மானம் நிறைவேறி, ஊரில் இருந்த ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். அந்த ஆறு பேரும் மக்களே தேர்ந்தெடுத்தவர்கள். அவர்களைக் காக்க எழுந்தவர் கொட்டையில் வந்தவர். சிறிது காலத்தில் ஏதென்ஸ் மனம் வருந்தியது. தீர்மானத்தை முன்மொழிந்த கல்லிக்சீனஸ் ஊருக்குத் திரும்பிவந்தபின் எல்லோராலும் வெறுக்கப்பட்டு, பசியால் இறந்தான் என்று செனபன் எழுதிவைத்திருக்கிறார்.