முதியோர் மானியக் குடியிருப்பு: காத்திருப்போர் பட்டியலிலிருந்து அம்மாவின் பெயர் நீக்கம், உதவி தேவை

மழைத்துளி: வணக்கம். என் அம்மா மானிய வாடகையில் முதியோர் குடியிருப்புக்கு விண்ணப்பித்து நெடுங்காலமாகக் காத்திருந்தார். பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கிவிட்டதாகக் கடிதம் வந்திருக்கிறது. ஹட் அலுவலகத்தை அழைத்தால், தங்களிடம் பட்டியலே இல்லை என்கிறார்கள். யாரிடம் முறையிடுவது? அவசரம்.

திசைகாட்டி: ‘ஹட்’ என்பது அமெரிக்க அரசின் வீட்டுவசதித் துறை; அந்த ஒரு சொல்லை வைத்து நீங்கள் அமெரிக்காவில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். அம்மா விண்ணப்பித்தது செக்‌ஷன் 8 வவுச்சருக்கா (வாடகையில் ஒரு பகுதியை அரசு கட்டும் சீட்டு), செக்‌ஷன் 202 கட்டடத்துக்கா, வரிச்சலுகைக் கட்டடத்துக்கா (கட்டுபவருக்கு வரிச்சலுகை தந்து, வாடகைக்கு வரம்பு வைப்பது)? அவருடைய வயது என்ன? கடிதத்தில் என்ன காரணம், என்ன தேதி போட்டிருக்கிறார்கள்?

ஒற்றைப்பனை: காரணம் வேறென்ன, உங்கள் சம்பளம்தான். பிள்ளைகள் நன்றாகச் சம்பாதித்தால் பெற்றோரின் பெயரை எடுத்துவிடுவார்கள்.

பழைய உறுப்பினர்: இங்கே ஏற்கெனவே பலமுறை விளக்கியாகிவிட்டது, தேடிப் படிக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. செக்‌ஷன் 202 என்பது 1959ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தில் வந்த திட்டம். 62 வயது நிறைந்த, வட்டார இடைநிலை வருமானத்தில் (அந்தப் பகுதிக் குடும்ப வருமானங்களின் நடு அளவு) பாதிக்கு மேல் வருமானம் இல்லாத முதியோருக்கானது. ஹட் பணம் தருகிறது. கட்டடத்தை நடத்துவது லாபநோக்கற்ற அமைப்பு. ஆகவே பட்டியலும் அந்தந்தக் கட்டட நிர்வாகத்திடமே இருக்கும். பத்துக் கட்டடங்களுக்கு விண்ணப்பித்தால் பத்துப் பட்டியல்கள். ஒற்றைப்பனை சொல்வது தவறு: அந்த வீட்டில் குடியிருக்கப்போகிறவர்களின் வருமானத்தை மட்டுமே கணக்கிடுவார்கள். மகனோ மகளோ மாதந்தோறும் தவறாமல் அனுப்பும் பணம் அம்மாவின் வருமானமாகச் சேரும், அவ்வளவுதான்.

நெல்மணி: 202க்காக ஏன் காத்திருக்க வேண்டும்? வரிச்சலுகைக் கட்டடத்தில் சேருங்கள். 202 போலவே அங்கும் வருமானத்தில் 30 சதவீதம்தான் வாடகை.

பழைய உறுப்பினர்: இல்லை. 1986ஆம் ஆண்டு வரிச்சட்டத்தில் வந்த அந்தத் திட்டத்தில், வாடகையின் உச்சவரம்பு வட்டார இடைநிலை வருமானத்தை ஒட்டி நிர்ணயிக்கப்படுகிறது. உங்கள் சொந்த வருமானம் குறைந்தால் அது குறையாது. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தை மட்டுமே நம்பியிருப்பவர் அங்கே பாதிப் பணத்தை வாடகைக்கே கொடுக்க நேரலாம்.

நெல்மணி: என் அத்தை அப்படிப்பட்ட கட்டடத்தில்தான் இருக்கிறார், 30 சதவீதம்தான் கட்டுகிறார். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

திசைகாட்டி: உங்கள் அத்தையிடம் வவுச்சர் இருக்கக்கூடும். வவுச்சர் வைத்திருப்பதற்காக ஒருவரை அக்கட்டடங்கள் மறுக்க முடியாது. மழைத்துளி, கடிதத்தில் காரணம் என்னவென்று இன்னும் சொல்லவில்லையே?

மழைத்துளி: மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். 71 வயது, 202 கட்டடம். ‘புதுப்பிப்புக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை’ என்று போட்டிருக்கிறது; பட்டியலில் இன்னும் இருக்க விருப்பமா என்று கேட்கும் கடிதம் அது. அது வந்த சமயத்தில் அம்மா இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து மறுவாழ்வு மையத்தில் இருந்தார். போன வாரத் தேதி.

திசைகாட்டி: அப்படியானால் தொலைபேசியை விட்டுவிட்டு இன்றே எழுதுங்கள். நிராகரிப்புக் கடிதத்துக்கு 14 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தரவோ, சந்திப்புக் கேட்கவோ விண்ணப்பதாரருக்கு உரிமை உண்டு. உடல்நிலையால் பதில் தர இயலவில்லை என்பதை மருத்துவரின் கடிதத்தோடு விளக்கி, ‘ரீசனபிள் அக்காமடேஷன்’ (உடல் இயலாமைக்காக விதியில் செய்யும் நியாயமான தளர்வு) என்ற அதே சொற்களால், பழைய விண்ணப்பத் தேதியுடன் பெயரைத் திரும்பச் சேர்க்கக் கேளுங்கள். தேதியைக் குறிப்பிடாமல் விட்டால் வரிசையின் கடைசியில் நிறுத்திவிடுவார்கள். ஹட்-92006 படிவத்தையும் கேட்டு வாங்கி, அதில் தொடர்பு நபராக உங்கள் பெயரைக் கொடுத்துவிடுங்கள். அம்மாவை எட்ட முடியாதபோது நிர்வாகம் உங்களை அழைக்க வழியிருக்கும்.

ஒற்றைப்பனை: இருந்தாலும் சம்பளத்தையும் பார்ப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

மழைத்துளி: நேரில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்கிவிட்டேன். சந்திப்புக்கு அழைப்பதாகச் சொன்னார்கள். நன்றி.

நெல்மணி: அத்தையிடம் கேட்டேன், வவுச்சர் எதுவும் இல்லை என்கிறார். வாடகை ஒப்பந்தத்தை அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.