சட்டப்படி வந்தவர்களை யார் தடுத்தார்கள்?

ரகு சித்தப்பா: வேறு நாட்டில் போய்க் குடியேறுகிறவர்களைப் பற்றி காலையில் நம் குடும்பக் குழுவில் போட்ட ஃபார்வர்டை யாராவது படித்தீர்களா? எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. முறைப்படி வருகிறவர்களை எந்த நாடும் எந்தக் காலத்திலும் தடுத்ததில்லை என்றுதான் அதில் இருக்கிறது. குறுக்கு வழியில் நுழைகிறவர்களால்தான் இவ்வளவு சண்டையும்.

கவிதா அத்தை: படித்தேன் ரகு. கேட்டுக்கொண்டு உள்ளே வா என்று சொல்வதில் என்ன தப்பு?

மதி: கேட்டுக்கொண்டு போனவர்களை என்ன செய்தார்கள் என்று பாருங்கள் அத்தை. 1914இல் கொமகாட்டா மாரு என்ற கப்பல் வான்கூவர் துறைமுகத்துக்குப் போனது. 376 பயணிகள், பெரும்பாலும் பஞ்சாபிகள். யாரும் ஒளிந்து போகவில்லை, பட்டப்பகலில் போய் நின்றார்கள். அவர்களும் பிரிட்டிஷ் பேரரசின் பிரஜைகள், கனடாவும் அதே பேரரசில்தான் இருந்தது.

யாழினி: அப்புறம் ஏன் இறங்க விடவில்லை?

மதி: 1908இல் கனடா ஒரு விதி போட்டிருந்தது. சொந்த நாட்டில் கப்பல் ஏறி, வழியில் எங்கும் மாறாமல் ஒரே பயணமாக வருகிறவர்கள்தான் இறங்கலாம். அதில் இந்தியர் என்று ஒரு இடத்திலும் இருக்காது, படித்தால் ஏதோ பயண ஒழுங்குமுறை மாதிரிதான் தெரியும். ஆனால் இந்தியாவிலிருந்து கனடாவுக்கு அப்படி நேராகப் போக அப்போது கப்பல் சேவையே கிடையாது. அதுபோக ஆசியர்கள் கையில் 200 டாலர் காட்ட வேண்டும் என்று இன்னொரு நிபந்தனை. இரண்டு மாதம் துறைமுகத்திலேயே நிறுத்தி வைத்து, கடைசியில் கடற்படைக் கப்பலைக் கொண்டுவந்து திருப்பி அனுப்பினார்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் பட்ஜ் பட்ஜில் வந்து இறங்கியபோது இங்கே பிரிட்டிஷ் அரசின் துப்பாக்கிச் சூட்டில் சுமார் 20 பேர் செத்துப் போனார்கள். அதற்கு முந்தைய ஆண்டு 1913இல் மட்டும் கனடா 4 லட்சம் பேருக்கு மேல் குடியேற்றியிருந்தது சித்தப்பா. இடம் இல்லாமல் இல்லை.

ரகு சித்தப்பா: அது வெள்ளைக்காரன் ஆட்சி, காலனிக் காலம். அதை வைத்து எல்லா நாட்டையும் எடை போடாதே.

மதி: சரி, ஆனால் அதே தந்திரம் ஊர் ஊராகப் போனதைப் பாருங்கள். ஆஸ்திரேலியா 1901இல் கொண்டுவந்த குடியேற்றச் சட்டத்திலும் எந்த இனத்தின் பெயரும் இல்லை. இருந்ததெல்லாம் சொல்வதை எழுதும் தேர்வு ஒன்றுதான், நாம் பள்ளியில் எழுதினோமே அதே மாதிரி. 50 சொற்கள் கொண்ட ஒரு பத்தியை அதிகாரி வாசிப்பார், வந்தவர் பிழையில்லாமல் எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் இஷ்டம், ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழி. வந்தவருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும் என்றால் வேறு மொழியில் வாசித்துவிடலாம்.

யாழினி: அப்படியென்றால் யாரை வேண்டுமானாலும் ஃபெயில் ஆக்கலாமே!

மதி: அதற்காகத்தான் அந்தத் தேர்வே. 1934இல் ஈகான் கிஷ் என்ற பத்திரிகையாளர் பாசிசத்துக்கு எதிரான மாநாட்டில் பேச வந்தார். பிராகில் பிறந்தவர், பல மொழி தெரிந்தவர். கப்பலை விட்டு இறங்க விடாததால் மேலிருந்து கரைக்குக் குதித்து காலை முறித்துக்கொண்டார். அப்புறம் சிட்னியில் அவருக்கு ஸ்காட்டிஷ் கேலிக் மொழியில் தேர்வு வைத்தார்கள், ஸ்காட்லாந்தின் ஒரு மூலையில் பேசும் மொழி. அவர் உயர் நீதிமன்றம் வரை போனார். சட்டம் சொல்லும் ஐரோப்பிய மொழி என்ற வகையில் கேலிக் வராது என்று தீர்ப்பு வந்தது. அவர் பிரபலமானவர், வழக்கறிஞர் வைக்க முடிந்தது. பிழைப்புத் தேடி வந்த சாதாரண ஆள் எந்த நீதிமன்றத்துக்குப் போவான்? அந்தத் தேர்வை 1958இல்தான் எடுத்தார்கள்.

கவிதா அத்தை: பேர் சொல்லாமலே ஆளை வெளியேற்றுவது இலங்கையிலும் நடந்ததே மதி. மலையகத் தமிழர்களுக்கு.

மதி: ஆமாம் அத்தை, நீங்களே சொல்லுங்கள்.

கவிதா அத்தை: 1948 குடியுரிமைச் சட்டம். சுதந்திரம் வந்த அதே வருஷம். இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது, அப்பாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும். அதற்குக் காகிதம் காட்ட வேண்டும். காப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் கூலிகளாகக் கூட்டிப்போன மக்கள், லயம் என்ற தோட்ட வரிசை வீட்டில் பிறந்த குழந்தைக்கு அந்தக் காலத்தில் யார் பிறப்புச் சான்றிதழ் வாங்கி வைத்தார்கள்? ஒரே சட்டத்தில் லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த வருஷமே ஓட்டும் போயிற்று.

கவிதா அத்தை: அதோடு விடவில்லை. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேர் என்று கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வோம் என்று வைத்தார்கள். பத்து வருஷம் கழித்து அந்த மீதியையும் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். உனக்கு எங்கே இருக்க விருப்பம் என்று அந்த மக்களிடம் கேட்டு எழுதிய கணக்கு இல்லை அது. எனக்கு இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது ரகு. நம் அரசும் அதில் கையெழுத்துப் போட்டது.

ரகு சித்தப்பா: அது அநியாயம்தான் அக்கா, நான் மறுக்கவில்லை. ஆனால் உள்ளூர்க்காரன் பக்கமும் ஒன்று இருக்கிறது. வெளியாட்கள் குறைந்த கூலிக்கு வேலை செய்தால் அவன் பிழைப்பு போகிறது. எண்ணிக்கை ஒரு அளவைத் தாண்டினால் எந்தச் சமூகமும் பயப்படும். அந்தப் பயத்தைத் தப்பு என்று சொல்லிவிட முடியாது.

மதி: பயம் உண்மைதான் சித்தப்பா. யார்மேல் பயப்பட்டார்கள் என்பதில்தான் எனக்குக் கோபம். அமெரிக்காவின் கண்டம் கடக்கும் ரயில் பாதை 1869இல் முடிந்தது. மேற்குப் பகுதியில் மலையைக் குடைந்ததில் பெரும்பங்கு சீனத் தொழிலாளர்கள். வெள்ளைத் தொழிலாளிக்குக் கொடுப்பதைவிட அவர்களுக்குக் குறைவாகக் கொடுத்தது கம்பெனி. 1867 ஜூனில் அவர்கள் சம கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனி என்ன செய்தது தெரியுமா, மலை முகாம்களுக்குச் சாப்பாடு போவதை நிறுத்தியது. ஒரு வாரத்தில் பட்டினி போட்டே பணிய வைத்தார்கள். ஆக, கூலியைக் குறைத்தவன் சீனன் இல்லை, அவன் ஏற்றிக் கேட்டவன். ஆனால் பாதை முடிந்து வேலை குறைந்ததும், நம் கூலியைக் கெடுத்தவன் இவன்தான் என்று அவன் மேல்தான் பாய்ந்தார்கள். 1882இல் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதற்கே தடைச் சட்டம். பத்து வருஷத்துக்கு என்றுதான் ஆரம்பித்தது, 1943 வரை நீண்டது.

ரகு சித்தப்பா: 1867 விஷயம் எனக்குத் தெரியாது.

மதி: அந்தத் தடைக்குப் பிறகும் சிலருக்கு மட்டும் வழி இருந்தது. அங்கே பிறந்து குடிமகனாக இருப்பவரின் பிள்ளை வரலாம். 1906இல் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில் பிறப்புப் பதிவேடுகள் எரிந்து போயின, நான் இங்கே பிறந்தவன் என்று ஒருவர் சொன்னால் சரிபார்க்க வழியில்லை, அதனால் காகிதத்தில் மட்டும் மகனாக வந்தவர்களும் நிறையப் பேர் இருந்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. சாதாரணத் தொழிலாளிக்கு மற்ற வழிகளை அடைத்த பிறகு கிடைத்த சந்து அது. இதைக் கண்டுபிடிக்க ஏஞ்சல் தீவு என்ற இடத்தில் 1910 முதல் 1940 வரை விசாரணை நடந்தது. அப்பாவைத் தனியாக, மகனைத் தனியாக. உன் ஊர் வீட்டுக்கு எத்தனை படி? அரிசிப் பானை எந்த மூலையில் இருக்கிறது? உன் தெருவில் மூன்றாவது வீட்டில் யார் குடியிருக்கிறார்கள்? இரண்டு பேர் பதிலும் ஒத்துப்போகவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடலாம். அப்பா ஊரை விட்டுப் போய் எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும், படி உடைந்து வேறு கட்டியிருப்பார்கள், சொந்த மகனே தோற்றுப் போகலாம். மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்கள் அந்த மரச் சுவர்களில் கவிதை செதுக்கி வைத்திருக்கிறார்கள், இன்றும் பார்க்கலாம்.

யாழினி: நம் வீட்டுக்கு எத்தனை படி என்று என்னைக் கேட்டாலே நான் எண்ணித்தான் சொல்ல வேண்டும்.

கவிதா அத்தை: நல்ல விதமாக நடத்திய அரசே கிடையாதா மதி?

மதி: இருக்கிறது அத்தை. 1685இல் பிரான்சில் புராட்டஸ்டண்டுகளுக்கு இருந்த வழிபாட்டு உரிமையை லூயி மன்னர் ரத்து செய்தார். சில வாரங்களிலேயே பிராண்டன்பர்க் என்ற ஜெர்மானிய நாட்டின் ஆட்சியாளர் பிரெடெரிக் வில்லியம், எங்களிடம் வாருங்கள், நிலம் தருகிறோம், சில வருஷம் வரி வேண்டாம் என்று ஆணை போட்டார். நீண்ட போரில் பாதி காலியாகிக் கிடந்த ஊர்களுக்குக் கைத்தொழில் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள், இரக்கம் மட்டும் காரணம் இல்லை. ஆனாலும் ஆயிரக்கணக்கானவர்கள் பிழைத்தார்கள். 1922இல் நான்சென் என்ற நார்வேக்காரர், நாடில்லாமல் போன ரஷ்ய அகதிகளுக்கு ஒரு பயணச் சான்று கிடைக்க ஏற்பாடு செய்தார், பிறகு ஆர்மீனியர்களுக்கும் கிடைத்தது. ஒரு தாள்தான். எந்த நாடும் எனக்குச் சொந்தம் இல்லை என்று நின்றவர்களை அந்தத் தாள் எல்லை தாண்ட வைத்தது.

ரகு சித்தப்பா: பார், உதவி செய்தவர்களும் இருக்கிறார்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன். முறைப்படி போனால் வழி கிடைக்கும்.

மதி: 1939இல் செயின்ட் லூயிஸ் கப்பலில் போன 937 பேர் முறைப்படிதான் போனார்கள் சித்தப்பா. பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்து தப்பிய யூதர்கள். கியூபாவில் இறங்குவதற்கான அனுமதிச் சீட்டைப் பணம் கொடுத்து வாங்கி வைத்திருந்தார்கள். கப்பல் கிளம்பும் முன்பே கியூபா அந்தச் சீட்டுகள் செல்லாது என்று ஆணை போட்டுவிட்டது. ஹவானாவில் முப்பது பேர்கூட இறங்கவில்லை. அமெரிக்காவும் கனடாவும் கையை விரித்தன. கப்பல் ஐரோப்பாவுக்குத் திரும்பியது. அதில் இருந்தவர்களில் 254 பேர் பிறகு நாஜிகளின் இன அழிப்பில் கொல்லப்பட்டார்கள்.

கவிதா அத்தை: கடவுளே.

மதி: அதற்கு முந்தைய வருஷம்தான் 32 நாடுகள் எவியான் என்ற ஊரில் கூடி இந்த அகதிகளைப் பற்றிப் பேசியிருந்தன. ஒவ்வொருவரும் எழுந்து அனுதாபம் சொன்னார்கள், உட்கார்ந்தார்கள். பெரிய எண்ணிக்கையில் எடுத்துக்கொள்கிறோம் என்று முன்வந்தது டொமினிக்கன் குடியரசு ஒன்றுதான்.

ரகு சித்தப்பா: சரி, உன் முடிவு என்ன? எல்லையே வேண்டாம், யாரும் எப்படியும் வரலாம் என்கிறாயா?

மதி: இல்லை சித்தப்பா. விதி இருக்கட்டும். ஆனால் நிறைவேற்ற முடிகிற விதியாக இருக்க வேண்டும், ஒருவன் கப்பலில் ஏறிய பிறகு மாற்றக் கூடாது, ஐம்பது வருஷம் வாழ்ந்தவனிடம் திடீரென்று காகிதம் கேட்கக் கூடாது. 1948 முதல் கரீபியன் தீவுகளிலிருந்து பிரிட்டனுக்கு வேலைக்கு வந்தார்களே, அவர்களில் எத்தனையோ பேரை 2018 வாக்கில் ஆதாரம் எங்கே என்று கேட்டு வேலையையும் மருத்துவத்தையும் பறித்தார்கள், சிலரை நாடு கடத்தினார்கள். அவர்கள் வந்து இறங்கியதற்கான பதிவுச் சீட்டுகளை அந்த அரசே 2010இல் அழித்திருந்தது. இது காலனிக் காலம் இல்லை.

ரகு சித்தப்பா: ஐம்பது வருஷம் இருந்தவனிடம் கேட்பது கொடுமை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எண்ணிக்கையைப் பற்றி நீ இன்னும் பதில் சொல்லவில்லை. ஒரு நாடு எத்தனை பேரைத் தாங்கும்?

மதி: அதற்கு என்னிடம் ஒரு எண் கிடையாது. அதை அந்தந்த நாட்டு மக்கள் வெளிப்படையாகப் பேசி முடிவு செய்யட்டும், கேலிக் மொழியில் தேர்வு வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

யாழினி: மதி அண்ணா, எனக்குக் கல்லூரியில் இந்தத் தலைப்பில் ஒரு கட்டுரை இருக்கிறது. எதிர்த்து நின்று ஜெயித்தவர்கள் யாராவது உண்டா? எல்லாமே தோற்ற கதையாக இருக்கிறது.

மதி: வாங் கிம் ஆர்க்கைப் பற்றி எழுது. சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். 1895இல் சீனாவுக்குப் போய்த் திரும்பியபோது, நீ குடிமகன் இல்லை என்று இறங்க விடாமல் துறைமுகத்தில் கப்பலிலேயே மாதக்கணக்கில் வைத்தார்கள். 1898இல் உச்ச நீதிமன்றம், இந்த மண்ணில் பிறந்தவர், ஆகவே குடிமகன் என்று தீர்ப்பளித்தது. பெற்றோர் சீனர்களாக இருந்தாலும் சரி என்றது. ஆனால் ஜெயித்த பிறகும் சீனா போய்வர வேண்டுமென்றால் சாட்சிகளின் கையெழுத்தோடு படிவம் கொடுக்க வேண்டியிருந்தது, அதையும் சேர்த்து எழுது.

யாழினி: அவரையே எடுத்துக்கொள்கிறேன். அத்தை, மலையகம் பற்றி உங்களை நாளைக்கு ஃபோனில் கேட்கிறேன்.

கவிதா அத்தை: காலையில் கூப்பிடு. ஒப்பந்தத்தின் எண்களை எழுதி வைத்திருக்கிறேன்.

ரகு சித்தப்பா: எழுதி முடித்ததும் குழுவில் போடு யாழினி, படிக்கிறேன். எண்ணிக்கையைப் பற்றி நான் கேட்டதற்கும் ஒரு பத்தி ஒதுக்கு.